கம்பெனி பஸ் விமரிசகர்

விடியுமுன் தாம்பரத்தில் புறப்பட்டு, முடிச்சூரையும் படப்பையையும் கடந்து, ஒரகடம் கூட்டுரோட்டில் கண்டெய்னர் லாரிகளின் பின்னால் பொறுமையைப் பயின்றபடி ஏ ஷிப்டுக்கு ஆள் கொண்டு சேர்க்கும் கம்பெனி பஸ்களில் எதிலேனும் ஏறி அமர்ந்திருப்பவர்களுக்கு, நான் சொல்ல வந்த பிரகிருதியை அறிமுகம் செய்துவைக்க வேண்டிய அவசியமே இராது. பின்வரிசையில் ஜன்னலோரம் அவருடைய ஆசனம். குரலுக்கு மட்டும் டிரைவர் சீட்டு வரை பாத்தியதை உண்டு. உத்தியோகத்தால் அவர் குவாலிட்டி இன்ஸ்பெக்டர், சுபாவத்தால் சினிமா விமரிசகர். இரண்டுக்கும் சேர்த்துச் சம்பளம் ஒன்றுதான்.

அவருடைய தொழிலில் ‘கோ–நோகோ கேஜ்’ என்றொரு கருவி உண்டு. கையடக்கமான எஃகு உருளை. அதன் ஒரு முனை துளைக்குள் வழுக்கிக்கொண்டு நுழைய வேண்டும், மறுமுனை எவ்வளவு அழுத்தினாலும் நுழையக் கூடாது. அப்படியிருந்தால் ஓகே, இல்லையேல் ரிஜெக்ட், சிவப்புத் தொட்டி. நாள்தோறும் எட்டு மணி நேரம் இந்த இரண்டே தீர்ப்புகளை வழங்கிப் பழகிய மனம், வார லீவில் தியேட்டருக்குள் நுழைந்ததும் நீதிபதிப் பதவியை ராஜினாமா செய்துவிடுமா என்ன? சண்டைப் படமானால் அவருக்குச் சங்கடமில்லை. எத்தனை பேர் விழுந்தார்கள் என்று கணக்குச் சொல்லிவிடலாம். கண்ணீர்ப் படமானாலும், “மனுஷன் வாழ்ந்திருக்கான்யா” என்ற ஒரே வாக்கியத்தில் காரியம் முடிந்தது. காதலும் ஹாஸ்யமும் கலந்து, யாரையும் கொல்லாமலும் யாருக்கும் உபதேசிக்காமலும் இரண்டரை மணி நேரத்தை இனிமையாகப் போக்கிவிட்டுப் போகிற லேசான படம் ஒன்று வந்துவிட்டால்தான், கேஜின் எந்த முனையை எங்கே நுழைப்பது என்று தெரியாமல் மனிதர் திண்டாடிப் போகிறார்.

2022 ஆகஸ்டில் ‘திருச்சிற்றம்பலம்’ வெளிவந்தபோது அவருக்கு இந்த தர்மசங்கடம்தான் நேர்ந்தது. மித்ரன் ஜவஹர் இயக்கிய அந்தப் படத்தில் தனுஷ் உணவு டெலிவரி செய்கிறார். தாத்தாவாகப் பாரதிராஜா, பேச்சுவார்த்தையற்ற தகப்பனாராகப் பிரகாஷ்ராஜ், அதே குடியிருப்பில் வசிக்கும் தோழி ஷோபனாவாக நித்யா மேனன். எளிதில் ஊகிக்கக்கூடிய கதை என்று விமரிசகர்கள் எழுதினாலும், ஜனங்கள் அதைப் பொருட்படுத்தாமல் போய்ப் பார்த்தார்கள். நம்மவர் முதல் நாளே பார்த்துவிட்டு, மறுநாள் பஸ் நகர்ந்ததும் நகராததுமாக, “முதல் சீன்லயே தெரிஞ்சிபோச்சு மாப்ள, கடைசில ஃப்ரெண்டைத்தான் கட்டிக்குவான்” என்று போட்டு உடைத்தார். திருக்கோஷ்டியூர்க் கோபுரத்தின்மீது நின்று, ரகசியமாகப் பெற்ற மந்திரார்த்தத்தை ஊரறிய வெளியிட்ட எம்பெருமானார் அவதரித்த ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் வேலை பார்ப்பவர் வேறு எப்படித்தான் இருப்பார்! ஒரே வித்தியாசம், அங்கே கேட்டவர்கள் உய்ந்தார்கள். இங்கே டிக்கெட் எடுத்துவைத்திருந்தவர்கள் தலையில் கைவைத்துக்கொண்டார்கள்.

“செகண்ட் ஹாஃப் லேக். இருபது நிமிஷம் ரீவொர்க் பண்ணா ஓகே ஆக்கலாம்” என்று அவர் மேலும் தீர்ப்புரைத்தபோது, அவரோடு கூடப் போயிருந்த டிரெய்னிப் பையன் குறுக்கிட்டான்.

“அண்ணே, சீட்டே ஆடுற மாதிரி சிரிச்சீங்களே?”

“சிரிச்சேன்தான்டா. சிரிப்பு வந்தா படம் நல்லாருக்குன்னு அர்த்தமா?”

இது லேசில் தள்ளிவிடத்தக்க கேள்வி அன்று. பரத முனிவரின் நாட்டிய சாஸ்திரமே சிரிப்பை ஆறு வகையாகப் பிரித்து, பல் தெரியாத புன்முறுவலை உத்தமர்களுக்கும், விலாவைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் மல்கச் சிரிப்பதை அதமர்களுக்கும் ஒதுக்கியிருக்கிறது. இருட்டில் அதமராக இருந்துவிட்டு வெளிச்சத்தில் உத்தமராகத் தென்பட விரும்புகிறவர் நம்மவர் ஒருவர்தானா? எனக்குத் தெரிந்த பல படிப்பாளிகளின் ரகசியமும் அதுவே.

இத்தகைய நெருக்கடிகளில் அவர் தவறாமல் சரணடைவது 1964-இல் வந்த ‘காதலிக்க நேரமில்லை’யிடம். “ஸ்ரீதர் எடுத்தாரு பாரு, அது காமெடி!” என்பார், அது வெளிவந்து பல வருஷங்களுக்குப் பிறகு பிறந்து, அதை டெலிவிஷனில் பார்த்தவர். நானும் அவர் கட்சிதான். பாலையாவுக்கு நாகேஷ் பேய்க்கதை சொல்லும் அந்தக் காட்சிக்கு இன்றுவரை ஈடில்லை. ஆனால் ‘நெஞ்சில் ஓர் ஆலய’த்தில் அழவைத்த ஸ்ரீதர் இரண்டே வருஷத்தில் சிரிக்கவைக்கக் கிளம்பியபோது, நம்மவருடைய பாட்டனார் ஏதாவதொரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, “என்ன இருந்தாலும் அந்தப் படம் மாதிரி வருமா?” என்று சொல்லாமலா இருந்திருப்பார்? நிற்க. நாகேஷ் பேய்க்கதை சொல்லி நம்மைச் சிரிக்கவைத்தார். நம்மவரோ சிரிப்புப் படத்தின் கதையைச் சொல்லிப் பஸ் முழுவதையும் தூங்கவைக்க வல்லவர்.

2024 ஆகஸ்ட் 16-ஆம் தேதி, அதே ஷோபனா வேடத்துக்காக நித்யா மேனனுக்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருது அறிவிக்கப்பட்டது. மறுநாள்தான் பக்கத்து வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கக்கூடிய தொழிலாளர் விடுதி திறக்கப்பட்டது என்பதால், அந்த வாரத்துப் பஸ்ஸில் பிரஸ்தாபிக்க விஷயத்துக்குப் பஞ்சமில்லை. ஆயினும் நம்மவர் விருதையே எடுத்துக்கொண்டார்.

“அந்தப் பொண்ணு என்ன பண்ணுச்சு? வந்துச்சு, சிரிச்சுது, போச்சு. ஒரு சீன்லயாவது தலையை விரிச்சிப்போட்டு அழுதுச்சா? இதுக்கு நேஷனல் அவார்டாம்!”

முன்வரிசையில் அசெம்பிளி லைன் பெண்ணொருத்தி, காதில் மாட்டியிருந்த ஹெட்செட்டைக் கழற்றிவிட்டுத் திரும்பினாள். “அண்ணா, அவன் வேற பொண்ணுங்களுக்குப் பின்னாடி சுத்துறப்பல்லாம் அது கூடவே நின்னு ஐடியா கொடுக்குது. உள்ளுக்குள்ள இருக்கிறதை மூஞ்சில காட்டாம எவ்ளோ நேரம் சிரிக்குது பாத்தீங்களா? அழறது ஈசிண்ணா.”

பஸ்ஸில் யாரும் பேசவில்லை. நம்மவர் ஜன்னல் வழியே, லாரி லாரியாக ஏற்றிப் போகும் புதுக் கார்களைச் சிறிது நேரம் பரிசோதித்தார். பிறகு, “ஏம்மா, நான் மட்டும் என்ன சொன்னேன்?” என்றார்.

மத்தியானம் கேன்டீனில், சாம்பார் சாதத்தைப் பிசைந்தபடி, நடிப்பிலேயே மிகக் கஷ்டமானது அழாமல் சிரிப்பதுதான் என்பதைத் தக்க உதாரணங்களுடன் அவர் சாங்கோபாங்கமாக விளக்கிக்கொண்டிருந்தார். எதிர் பெஞ்சில் அந்தப் பெண்ணும் இருந்தாள். புரிகிறதா என்று அவளிடமே இரண்டு தடவை கேட்டுக்கொண்டார்.