ஒப்ஜெக்ட் தம்பி

ஒப்ஜெக்ட் தம்பி என்பவர், சோவியத் ஒன்றியம் செய்து பார்த்துவிட்டு வேண்டாம் என்று தள்ளிய யுத்தத் தாங்கிகளைக் கணினி விளையாட்டில் ஓட்டுவதற்கென்றே இரவில் விழித்திருக்கும் இளைஞர். அக்கரைப்பற்றிலிருந்து பொத்துவில் போகும் வீதியில், திருக்கோவில் பக்கத்து வினாயகபுரத்தில் இவ்வகையினர் ஓரிருவரைக் காணலாம். கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கம் கொஞ்சம் கூடுதல்; கணினி திருத்தும் கடைகள் அங்கேதான் அதிகம். வயது பத்தொன்பது முதல் முப்பத்தைந்து வரை. அரச வேலைக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருப்பார், அல்லது கட்டாரிலிருந்து விடுமுறையில் வந்திருப்பார்.

பப்ஜி ஆடுபவரோடு இவரைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. பப்ஜிக்காரர் ஓடுவார், சுடுவார், பக்கத்து வளவு வரை கேட்கக் கத்துவார். ஒப்ஜெக்ட் தம்பி சத்தமில்லாமல் இருந்து இலக்கம் வாசிப்பார்.

இலக்கம்தான் இவரது கல்வி. சோவியத் சோதனைத் தாங்கிகளுக்குப் பெரும்பாலும் பெயர் வைக்கவில்லை. 'ஒப்ஜெக்ட்' என்று எழுதிப் பக்கத்தில் ஓர் எண் போட்டார்கள். அதன் முதல் இலக்கம் பிறந்த ஊரைக் காட்டும்: 1 என்றால் நிஸ்னி தாகில், 2 லெனின்கிராட், 4 கார்கிவ், 7 செல்யாபின்ஸ்க். 067 எந்தப் பகுதியின் தொலைபேசிக் குறியீடு என்று கேட்டால் தலையைச் சொறியும் தம்பி, 775 என்றதும் நிமிர்ந்து உட்காருவார். செல்யாபின்ஸ்க், 1960கள், குழல் வழியாக ஏவுகணை விடும், ஆட்கள் இருவர்தான், சாரதிக்கும் சுழலும் டரெட்டுக்குள்ளேதான் இருக்கை என்று கேட்காததையும் சேர்த்துச் சொல்வார்.

இவரது குலதெய்வம் ஒப்ஜெக்ட் 279. லெனின்கிராட்டில் 1959இல் செய்யப்பட்டது. நிறை 60 தொன், பீரங்கி 130 மில்லிமீற்றர், ஓடுவதற்கு இரண்டல்ல, நான்கு செயின். அணுகுண்டு வெடித்துக் காற்று அடித்தாலும் கவிழக் கூடாது என்று உடலை நீள்வட்டமாக வளைத்தார்கள். அணுகுண்டுக்குக் கவிழாத அந்தத் தாங்கியைச் சோவியத் தலைவர் குருஷ்சேவ் கவிழ்த்தார்: 37 தொன்னுக்கு மேல் எந்தத் தாங்கியும் வேண்டாம் என்று 1960இல் சொல்லிவிட்டார். இன்று மிஞ்சியிருக்கும் ஒன்று மாஸ்கோவுக்கு அருகே குபிங்கா அருங்காட்சியகத்தில் நிற்கிறது. விளையாட்டில் நிலைமை வேறு. வோர் தண்டரிலும் வேர்ல்ட் ஒஃப் டாங்ஸிலும் அதைச் சேர்த்த பிறகு, ஒரே சண்டையில் இரண்டு மூன்று 279 எதிரெதிரே நிற்பதுண்டு. குருஷ்சேவின் தடை வினாயகபுரத்தில் செல்லாது.

தோற்ற தாங்கிதான் இவருக்கு ருசி. ஆயிரக்கணக்கில் செய்து உலகமெல்லாம் விற்ற டி-55ஐ இவர் மதிப்பதில்லை. அது இலங்கை இராணுவத்திடமும் இருக்கிறது. சுதந்திர தின அணிவகுப்பைத் தொலைக்காட்சியில் பார்க்கும்போது, முதற் சில்லுக்கும் இரண்டாம் சில்லுக்கும் நடுவே உள்ள இடைவெளியை வைத்தே டி-55 என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்க எழுந்து போய்விடுவார்.

கணிதம் இவருக்கு வந்த கதை தனி. சாதாரண தரத்தில் 'எஸ்' எடுத்தவர். ஆனால் 60 பாகை பின்சாய்ந்த 100 மில்லிமீற்றர் தகடு, நேரே வரும் குண்டுக்கு 200 மில்லிமீற்றராக நிற்கும் என்று கோசைன் போட்டுக் காட்டுவார். படிப்பித்த ஆசிரியர் அறிந்தால் மகிழ்வாரோ அழுவாரோ தெரியாது. தகட்டின் தடிப்பில் ஐந்து மில்லிமீற்றர் குறைந்தாலும் இவ்வகையினர் விடமாட்டார்கள். 2021இல் சலஞ்சர் 2 என்ற பிரித்தானியத் தாங்கியின் இராணுவக் கையேட்டுப் பக்கங்களையே ஓர் ஆட்டக்காரர் வெளியிட்டார். விளையாட்டில் அந்தத் தாங்கி பிழையாக இருக்கிறதாம்! வினாயகபுரத்துத் தம்பியிடம் இரகசியக் கையேடு கிடையாது. இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசிக்காமல் விடுவது நல்லது.

இவ்வகையினர் லெனின்கிராட் கட்சி, கார்கிவ் கட்சி என்று இரண்டாகப் பிரிவர். கார்கிவ் கட்சியின் வாதம் வலுவானது. டி-34 வரையப்பட்டது கார்கிவில். வடிவமைப்பாளர் அலெக்சாண்டர் மொரோசோவின் டி-64, ஒப்ஜெக்ட் 432 ஆக இருந்த காலத்திலேயே, குண்டு போடும் ஆளை எடுத்துவிட்டு அந்த வேலையை இயந்திரத்திடம் கொடுத்தது. பிறகு 152 மில்லிமீற்றர் பீரங்கியோடு ஒப்ஜெக்ட் 477 'மோலத்' உருவாகிக்கொண்டிருக்கையில் சோவியத் ஒன்றியமே கலைந்தது. இந்த இடத்தில் தம்பியின் குரல் தழுதழுக்கும். தனி நாடான உக்ரைன், துருக்கிக்காக டி-84இல் 120 மில்லிமீற்றர் பீரங்கி பூட்டி 'யத்தகான்' செய்தது. துருக்கி வாங்கவில்லை. ஆகவே அதுவும் இவருக்குப் பிடிக்கும். வோர் தண்டரில் டி-64 சோவியத் வரிசையிலேயே நிற்கிறது. 2022இல் ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்த பிறகு அது யாருக்குச் சொந்தம் என்று இரு கட்சியும் அடித்துக்கொள்வது, கோயில் வண்ணக்கர் தெரிவுக்கு நடக்கும் சண்டையைவிடக் கடுமை. அக்கரைப்பற்றில் கணினிக்கடை வைத்திருக்கும் காக்காதான் நடுவர். "ரெண்டு பேரும் முதல்ல பழைய கடனைக் கட்டுங்க தம்பி" என்பது அவரது நிலையான தீர்ப்பு.

புதிய தாங்கி சேரும் அப்டேட் வாரமே இவருக்குத் திருவிழா. இரவு டேட்டா நள்ளிரவில்தான் தொடங்கும் என்பதால் பன்னிரண்டு மணிக்கு அலாரம் வைப்பார். தொண்ணூறு வீதம் இறங்கியதும் கரண்ட் போகும். 2022 பங்குனிக் கடைசியில் நாளுக்கு 13 மணிநேரம் மின்வெட்டு இருந்தபோது இவ்வகையினர் பட்ட பாடு எந்த வரலாற்றிலும் பதிவாகவில்லை. காசு கொடுத்தே வாங்கவேண்டிய உயர்தரத் தாங்கி என்றால் 60 டொலர் அளவில் வரும். ரூபாய்க் கணக்கில் பதினெட்டாயிரம். வெளிநாட்டு மாமா இங்கேதான் தேவைப்படுகிறார்.

வீட்டில் இவரது மதிப்பு குறைவு. "சோறு ஆறுது மனே" என்ற அழைப்புக்கு, "இந்தா வாறன் அம்மா, மெட்ச் முடியட்டும்" என்பதே பதில். அம்மாவுக்குத் தெரிந்த கவச வாகனம் ஒன்றுதான்: பவள். தென்னாபிரிக்காவின் பஃபல் 1980களில் இங்கே வந்து, சனத்தின் வாயில் பவள் ஆனது. அதைப் பார்த்து இராணுவப் பொறியியலாளர்கள் யுனிகோன் என்று உள்ளூரிலேயே ஒன்று செய்தார்கள். "பவள் வாற சத்தம் கேட்டா நாங்க வளவுக்குள்ள ஓடி ஒளிப்பம். நீ காசு குடுத்து வாங்கிறாய்" என்று அம்மா சொல்வார். கண்ணிவெடிக்காக அதன் அடிப்பாகம் 'வி' வடிவில் இருப்பது தம்பிக்குத் தெரியும். "அதுக்கும் சாய்வு இருக்கம்மா" என்பார், திரையை விட்டுக் கண்ணெடுக்காமல்.

மற்றபடி இவரால் யாருக்கும் தீங்கில்லை. இப்படியொருவர் வீட்டில் இருந்தால், அப்டேட் வாரத்தில் மட்டும் எந்த வேலையும் சொல்ல வேண்டாம். மற்ற வாரங்களில் மூன்றாம் தடவை கூப்பிட்டால் வருவார்.