பாஸ்டர் தம்பிக்கு ஒரு பனையேறி யோசனை

பாஸ்டர் தம்பி, போன ஞாயித்துக்கிழமை ஒம்ம பிரசங்கம் பிரமாதம் வே! ஒண்ணரை மணி நேரம். யாபேஸ் வந்தாரு, எல்லை பெருசாச்சு, ஊரப்பாக்கத்துல பிளாட் கெடச்சுது. யோசுவா வந்தாரு, எரிகோ மதில் விழுந்துச்சு, வண்டலூர்ல யாருக்கோ விசா வந்துச்சு. தாவீது வந்தாரு, கல்லு பறந்துச்சு. ஊடால நீரு வந்தீரு, ஒம்ம சம்சாரம் வந்தாவ, நீரு புதுசா வாங்கின காரும் வந்துச்சு. ஒரே ஒருத்தரு மட்டும் வரல. கடைசி ஜெபத்துலதான் 'இயேசுவின் நாமத்தில்'னு அவரு பேரு காதுல விழுந்துச்சு. பத்திரம் எழுதி முடிச்சு அடியில சீல் குத்துவாவளே, அந்த மாதிரி.

கோவிச்சுக்கிடாதியும். நான் தேரிக்காட்டுல பனையேறிப் பொழச்சவன். மவன் சேலையூர்ல வீடு வாங்கினதால இங்க கெடக்கேன். ஆனாலும் மிஷன் பள்ளிக்கூடத்துல நாலு எழுத்து படிச்சிருக்கேன்லா.

யோசிச்சுப் பாத்தா நீரு செய்யது புத்திசாலித்தனந்தான். யாபேஸ் எல்லையப் பெருசாக்கும்னு கேட்டவரு. இயேசு, தலை சாய்க்க எடமில்லன்னு சொன்னவரு. அவரப் பத்திப் பேசிட்டு, பிளாட்டுக்கு எந்த மொகத்தோட ஜெபம் பண்ணுவீரு? மரத்துல ஏறி நின்ன சகேயு வீட்டுக்கு இயேசு போனாரு. அவன் சொத்துல பாதிய ஏழைக்கு எழுதி, ஏமாத்தினத நாலு மடங்கா திருப்பிக் குடுக்கேன்னுட்டான். இத நீரு சத்தமாச் சொன்னா, முன் வரிசையில இருக்க ரியல் எஸ்டேட் அண்ணாச்சி அடுத்த வாரம் குரோம்பேட்டையில வேற சபை தேடிருவாரு. பொறவு மண்டப வாடகைய யாரு கட்டுவா? ஏசிக்குக் கரண்டு பில்ல யாரு கட்டுவா? அதனாலதான் அவர வாசல்லயே நிப்பாட்டியாச்சு.

ஒமக்கு ஒரு பழைய சண்டை சொல்லுதேன். நம்ம கிறிஸ்தவக் கல்லூரி 1937ல பட்டணத்துல இருந்து தாம்பரம் காட்டுக்குக் குடி வந்துச்சு. மறு வருசம் டிசம்பர்ல, அங்கனயே உலக மிஷனெரி மாநாடு. சீனாவுல வைக்கதாத்தான் இருந்துச்சு. ஜப்பான்காரன் சண்டையில அது இங்க வந்துட்டு. 60க்கு மேல நாட்டுல இருந்து 470 பேரு போல கூடிட்டாவ. டச்சுக்காரர் ஹென்ட்ரிக் கிரேமர் இதுக்குன்னே ஒரு தடிச்ச புஸ்தகம் எழுதிக்கிட்டு வந்தாரு. மெட்ராஸ்காரவ சும்மா இருப்பாவளா? புதுக்கோட்டையில ஜட்ஜா இருந்த செஞ்சையா, பொறவு 1941ல மேயரான வக்கீல் சக்கரை, இன்னுஞ் சில பேரு சேந்து அவியளும் ஒரு புஸ்தகம் போட்டாவ.

கிரேமர் என்ன சொன்னாரு? மத்த மதத்தை மட்டுமில்ல, நம்ம கிறிஸ்தவ மதத்தையும் சேத்தே நியாயந்தீக்கவரு கிறிஸ்துன்னாரு. செஞ்சையா, சபையும் சட்டதிட்டமும் கெடக்கட்டும், எங்களுக்குக் கிறிஸ்து நேரா வேணும்னாரு. மத்த விசயத்துல ரெண்டு பக்கமும் ஒத்துப்போகல. ஆனா எந்தப் பக்கமும் அவர வெளியில நிப்பாட்டல வே. சண்டையே அவராலதான். ஒம்ம பிரசங்கத்துல சண்டையே இல்ல, எல்லாருஞ் சேந்து ஆமென் போடுதாவ. அதுதான் எனக்குப் பயமா இருக்கு.

யாபேச வெரட்டச் சொல்லல. தாவீதும் வரட்டும். எம்மாவு வழியில நடக்கையில, மோசே தொடங்கி தீர்க்கதரிசிமாரு எழுதினது வரைக்கும் தன்னைப் பத்தித்தான்னு இயேசு வெளக்கினாருல்லா, அந்த வழியப் புடியும். ஒரு சோதனையும் சொல்லுதேன். பிரசங்கத்த எழுதி முடிச்சதும், அதுல இருக்க இயேசு பேர எல்லாம் அடிச்சிட்டு வாசிச்சுப் பாரும். அப்பவும் அது நல்லாத்தான் இருக்குன்னா, அது பிரசங்கம் இல்ல, வாழ்க்கையில முன்னேற வழி. அதத் தாம்பரத்துல பழைய புஸ்தகக் கடையிலயே விக்கான், காணிக்கை கேக்காம.

அண்ணாச்சி போயிருவாரேன்னு பயமா? போவாரு, போகாமலும் இருப்பாரு. சகேயுவும் ஒரு பணக்கார அண்ணாச்சிதான வே. ஆனா அவன மரத்துல இருந்து எறக்கினது எந்தப் பிரசங்கியார் சத்தமும் இல்ல.