பெரிய கப்பலுக்குப் பெரிய அவகாசம்

நார்வேயின் மேற்குக் கரையில், ஏழு மலைகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் பெர்கன் நகரத்துக்கு அவசியம் போய்வாருங்கள். ஆண்டில் இருநூறு நாளுக்கு மேல் மழை பெய்யும் ஊர், குடை வேண்டும். தூய்மையை டிக்கெட் போட்டு விற்கும் ஊர், ஆகவே கனமான பர்சும் வேண்டும்.

முதலில் துறைமுகத்தை ஒட்டிய ப்ரிக்கன். 1702 தீயில் எரிந்து, மறுபடி கட்டப்பட்டு, சற்றே சாய்ந்து நிற்கும் மரக் கிடங்குகள். 1979 முதல் யுனெஸ்கோ பட்டியலில். அழகுதான், மறுக்கவில்லை. வடக்கே லோஃபோட்டன் கடலில் உயிரைப் பணயம் வைத்துக் காட் மீன் பிடித்தவர்கள், அதைக் கருவாடாக்கி இங்கேதான் கொண்டுவந்து ஹன்சா என்ற ஜெர்மன் வணிகர் சங்கத்தாரிடம் கொட்டினார்கள். பதிலுக்குத் தானியம் கிடைத்தது. கணக்கு முடிக்கும்போது கடன்காரன் எப்போதும் மீன் பிடித்தவனே. அடுத்த பருவத்திலும் அதே முதலாளியின் வாசலுக்குத்தான் அவன் படகு வந்தாக வேண்டும். கடனேடு இருந்த கிடங்கு இன்று உலகப் பாரம்பரியம். கடன்பட்டவனின் குடிசையையும் விட்டுவைக்கவில்லை: லோஃபோட்டனில் அது இப்போது சுற்றுலா விடுதி.

இன்றைய ஹன்சாக்காரர்கள் சொகுசுக் கப்பலில் வருகிறார்கள். ஒரு நாளைக்கு எட்டாயிரம் பயணிகள் என்று நகரம் வரம்பு கட்டியிருக்கிறது. காலையில் இறங்குவார்கள், இழுவை ரயிலில் ஃபுளோயன் மலையேறுவார்கள், சாப்பாட்டுக்குக் கப்பலுக்கே திரும்பிவிடுவார்கள், அங்கேதான் ஏற்கெனவே காசு கட்டியாயிற்றே! ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தம் விற்ற லாபம் ஊருக்கு.

நிற்கும் கப்பல் இன்ஜினை அணைத்துக்கொள்ளக் கரையிலிருந்து மின்சாரம் தருகிறார்கள். நல்ல ஏற்பாடு, இதில் கேலிக்கு இடமில்லை. வயரைப் பிடுங்கிக்கொண்டு கப்பல் புறப்படுகிறதே, அங்கேதான் ஆரம்பிக்கிறது கூத்து.

பெர்கனைத் தொட்டுப் போகும் கப்பல்கள் பலவும் நுழையத் துடிக்கும் இடம் கெய்ராங்கர் ஃபியோர்டு. செங்குத்து மலைகளுக்கிடையே ஒடுங்கிய கடல். விட்ட புகை கலையாமல் மலைச்சுவரோடு தொங்கும். இது உட்பட உலகப் பாரம்பரியப் பட்டியலில் உள்ள ஃபியோர்டுகளில் 2026க்குள் கப்பல்கள் புகையே விடக்கூடாது என்று 2018இல் நார்வே நாடாளுமன்றம் தீர்மானித்தது. கைதட்டிக் கை ஓய்வதற்குள் அரசு ஒரு திருத்தம் கொண்டுவந்தது. பத்தாயிரம் டன்னுக்குக் குறைந்த கப்பலுக்கு 2026. அதற்கு மேற்பட்டவற்றுக்கு 2032. கோழி திருடியவனுக்கு இன்றே விலங்கு, ஊரைக் கொள்ளையடித்தவனுக்கு ஆறு வருஷத் தவணை! பெரிய கப்பலுக்கு ஏற்ற தொழில்நுட்பம் இன்னும் வரவில்லையாம். சரி, அது வரும்வரை கப்பலும் வராமல் இருக்கட்டுமே? இப்படிக் கேட்பவனுக்குப் பொருளாதாரம் தெரியாது என்பார்கள். மலைக்கு மூச்சு முட்டினால் அது பொருளாதாரத்தில் சேராது போலும்.

2032இலாவது நடக்கும் என்று நம்புகிற புண்ணியவான்கள் பெர்கனுக்கு வடக்கே மோங்ஸ்டாட் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையை ஒருமுறை எட்டிப் பார்க்கலாம். அங்கே கரியமில வாயுவைப் பிடித்து அடைக்கப்போகிறோம், இதுதான் நம் நிலவுப் பயணம் என்று 2007 புத்தாண்டு உரையில் முழங்கினார் பிரதமர் யென்ஸ் ஸ்டோல்டன்பர்க். 2013இல், தேர்தலில் தோற்று நாற்காலியைவிட்டு இறங்கும் வேளையில், அவருடைய அரசே அந்த முழு அளவுத் திட்டத்தைக் கைகழுவியது. நிலவுக்கு யாரும் போகவில்லை. ஆலை ஓடிக்கொண்டிருக்கிறது, அதைச் சுற்றிக்காட்ட எந்தச் சொகுசுக் கப்பலும் டிக்கெட் விற்பதில்லை.