மொறிஸ் மைனரை ஜக்கில் ஏற்றுவது எப்படி?

பழைய கார் வாங்கியவர் முதலில் கடைப்பிடிக்கவேண்டிய விதி: அதன் அடிப்பக்கத்தை எட்டிப் பார்க்காதீர்கள். மேலே புதுப் பெயின்ற் மினுங்குகிறது, ஹோர்ன் அடிக்கிறது. ஒரு மொறிஸ் மைனருக்கு வேறென்ன வேண்டும்? 1948இல் அலெக் இசிகோனிஸின் கைவண்ணத்தில் வெளிவந்த இந்தக் காருக்குத் தனிச் சேஸி கிடையாது. தகட்டு உடம்புதான் எலும்பும். வானுக்கும் பிக்கப்புக்கும் மட்டும் சேஸி உண்டு. எலும்பு கறள் பிடித்தால் என்னவாகும் என்று கேட்கிற நண்பர்களை வீட்டுக்குக் கூப்பிடாதீர்கள்.

ஆனாலும் ரயர் ஒருநாள் காற்றுப் போகத்தான் செய்யும். மைனரில் ஜக் கொடுக்கும் இடம் பக்கத்துக்கு ஒன்றுதான். முன் ஆசனங்களுக்குக் கீழே, காரின் குறுக்கே பெட்டிபோல ஓர் இரும்பு போகிறது. அதன் இரண்டு நுனியிலும் ஒவ்வொரு சொக்கற். காரோடு வந்த ஜக்கின் கையை அதற்குள் செருகிச் சுற்றினால் அந்தப் பக்கத்து முன்சில்லும் பின்சில்லும் சேர்ந்தே கிளம்பும். கையேட்டில் அப்படித்தான் இருக்கிறது. பல மாரி கண்ட காரிலோ ஜக் கிளம்பும், கார் இருந்த இடத்திலேயே இருக்கும். உள்ளே மொறுமொறு என்று ஒரு சத்தம். காப்பெற்றைத் தூக்கினால் ஜக்கின் தலை உங்களைப் பார்த்து நலம் விசாரிக்கும்.

பயப்பட வேண்டாம். ஓட்டைக்கு மேல் ஒரு தகரம் வெட்டி வைத்து, தாராளமாகத் தார் பூசிவிடுங்கள். தாருக்குள் கறள் யாருடைய தொந்தரவும் இல்லாமல் வளரும். முன்சில்லுகளைத் தாங்கும் முறுக்குக் கம்பிகளின் பின்நுனி பிடித்திருப்பதும் இதே குறுக்கு இரும்பைத்தான் என்ற தகவலை வீட்டில் சொல்லிக் கலவரப்படுத்தாதீர்கள். புதுத் தகடுதான் வேண்டுமென்று அடம்பிடிக்கிறவர்கள் லண்டன் மச்சானுக்குச் சொல்லி எடுப்பிக்கிறார்கள். 1990களில் பாத் நகரத்துச் சார்ல்ஸ் வேர், இங்கிலாந்து மைனர்களுக்கான பாகங்களை இலங்கையிலேயே செய்விக்க ஏற்பாடு செய்தவர் என்பது மச்சானுக்குத் தெரியாமல் இருப்பதே நல்லது.

பயந்த சுபாவக்காரர்கள் வேறு மாதிரிச் செய்வார்கள். கார் நிலத்தில் நிற்கும்போது கதவுக்கும் தூணுக்கும் நடுவிலுள்ள நீக்கலை விரலால் அளந்து வைப்பார்கள். தூக்கியபின் மறுபடி அளப்பார்கள். நீக்கல் மாறியிருந்தால், கதவு இறுகினால், கார் நடுவில் வளைகிறது என்று அர்த்தமாம். உடனே இறக்கிவிட்டு வெல்டிங்காரரைத் தேடுவார்கள். சொக்கற்றை நம்பாமல், பின்பக்கம் என்றால் வில்லுக்குக் கிட்ட அச்சுக்குக் கீழே ஜக் கொடுப்பார்கள். கைப்பிரேக் பின்சில்லுகளை மட்டும்தான் பிடிக்கும் என்று சொல்லி முன்சில்லுகளுக்கு இரண்டு பக்கமும் கட்டை வைப்பார்கள். மணல் நிலமென்றால் ஜக்கின் காலுக்கு ஒரு பலகை. ஸ்டாண்ட் கொடுக்காமல் காருக்குக் கீழே தலையை நீட்டமாட்டார்கள். சீமெந்துக் கல்லை அடுக்கி வேலை முடிக்கிற வீரம் இவர்களுக்கு வராது. அந்தக் கல் முன்னறிவித்தல் இல்லாமல் உடையுமாம்.

இனி மாற்றங்கள். இதில் யாழ்ப்பாணத்துக்காரருக்குப் புத்தி சொல்ல எனக்குத் தகுதியில்லை. தட்டிவானை ஓட்டிய ஊர் அது. 1990இல் பொருளாதாரத் தடை வந்து பெற்றோல் அருமையானபோது, மைனரும் ஒஸ்டின் ஏ40உம் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. அதனால் சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அமுக்கம் குறைந்த பழைய எஞ்சின் என்பதால் தட்டித் தட்டியாவது ஓடியது. பிளக்கில் கரி, தெருவெல்லாம் புகை. எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலை நீர்க்கப்பண்ணும். ஒயிலை அடிக்கடி மாற்றவேண்டும். பழைய காருக்கு நடந்த மாற்றங்களில் தேவைக்காகவே நடந்தது இதுதான் என்பேன். மற்றதெல்லாம் சோக்கு.

சோக்கில் தலையானது ஜப்பான் எஞ்சின். பலம் ஏற ஏற, பழைய ட்ரம் பிரேக்கை அப்படியே விட்டுவிடுங்கள். டிஸ்க் போட்டால் பயணத்தில் சுவாரசியம் குறைந்துபோகும். பிரேக் ஒயில் ஊற்றும் இடம் சாரதியின் காலடியில், தரைத்தகட்டுக்குள் ஒளிந்திருக்கிறது. காப்பெற்றை ஒட்டிவிட்டால் ஒயில் பார்க்கும் வேலையும் மிச்சம். முன்சில்லின் திருகு மூட்டுக்குக் கிறீஸ் அடிப்பதும் வீண்செலவு. புரி தேய்ந்து மூட்டு கழன்றால் சில்லு காருக்குக் கீழே மடங்கிப் படுக்கும்; அப்போது ஜக் இல்லாமலே ஒரு மூலை தரையைத் தொட்டுவிடும். பாட்டரியின் பொசிற்றிவ் உடம்போடு இணைந்திருக்கும் காரில், போன் சார்ஜரையும் பாட்டுப் பெட்டியையும் வழக்கம்போலவே கொழுவுங்கள். எது முதலில் புகைகிறதென்று பார்க்கலாம்.

ஒன்று மட்டும் விளையாட்டில்லாமல் சொல்கிறேன். ஜக்கை எடுக்குமுன், டிக்கித் தட்டுக்குக் கீழே படுத்திருக்கும் ஸ்பெயார் சில்லை இழுத்து ஒருதரம் அமத்திப் பாருங்கள். அதிலும் காற்றில்லையென்றால் ஜக்கை வைத்துவிட்டு ஓட்டோ பிடியுங்கள்.