மொறுமொறு மாப்பிள்ளைக்கு நாலு வார்த்தை

மாப்ள, வாரம் பூரா மகேந்திரா சிட்டியில கம்ப்யூட்டரைத் தட்டிட்டு, லீவு நாள்லயும் அடுப்பங்கரையில வந்து நிக்கறீங்கன்னா அது என் பேத்தி பண்ண புண்ணியம். அதுல எனக்கு மாத்துக் கருத்து கிடையாது. ஆனா போன ஞாயித்துக்கிழமை பிரெட் தூள்ல பொரட்டிப் பொரிச்சிக் குடுத்தனுப்புனீங்களே ஒரு மீனு, அதுக்கு என் பல்லுங்க எல்லாம் உங்களுக்கு நன்றி சொல்லச் சொல்லிச்சு. அதுங்களுக்கு நீங்க ஒரு வேலையும் வைக்கல.

தொட்டா மேல இருந்த பிரெட்டு முழுசாக் கழண்டு கையோட வருது. உள்ள மீனு எதுவும் தெரியாத அப்பாவியா வெள்ளையா உக்காந்துக்கினு இருக்குது. இரணியன் உள்ளயும் சாகக்கூடாது வெளியயும் சாகக்கூடாதுன்னு வரம் வாங்குன மாதிரி, உங்க மீனும் உள்ளயும் வேகல, வெளியயும் மொறுக்கல. நம்மூரு பாடலாத்ரி நரசிம்மரே வந்தாலும் வாசப்படியில உக்காந்து கொஞ்ச நேரம் யோசிப்பாரு.

குத்தம் உங்க கைப்பக்குவத்துல இல்ல மாப்ள. படிச்சவரு, அளவெல்லாம் கரெக்டாத்தான் போட்டிருப்பீங்க. குத்தம் தண்ணியில. மீனைக் குழாய்க்கு அடியில புடிச்சி நாலு தபா அலசி, சொட்டச் சொட்ட எடுத்து முட்டையிலயும் தூள்லயும் போட்டுட்டீங்க. எண்ணெயில விழுந்ததும் அந்தத் தண்ணிதான் ஆவியாகி மேல இருக்கற பிரெட்டைத் தூக்கித் தள்ளுது. மீனுக்கும் பிரெட்டுக்கும் அங்கதான் மனஸ்தாபம் ஆரம்பிக்குது.

மொதல்ல மீனுக்கு வருவோம். இந்த வேலைக்கு எந்த மீனும் ஆகும்னு உங்களுக்கு யாரு சொன்னது? ஏரி மீனு வாணாம். கொளவாய் ஏரி பக்கத்துல பொறந்து வளந்தவன் சொல்றேன், கட்லாவும் ரோகும் கொழம்புக்குத் தேவாமிர்தம், ஆனா சதைக்குள்ள கவட்டை கவட்டையா முள்ளு ஒளிஞ்சிக்கினு இருக்கும். பிரெட்டு மூடிட்டா அது கண்ணுக்கும் தெரியாது, தொண்டைக்குத்தான் தெரியும். ஏரியிலதான் வேணும்னா விரால் வாங்குங்க, தோலை உரிக்கச் சொல்லுங்க. வஞ்சிரத்தைப் பிரெட்டுல பொரட்டறது பெரிய பாவம். அவ்ளோ வெல குடுத்து வாங்கி, அது வஞ்சிரம்னே தெரியாம மறைக்கறதுக்கு எதுக்கு வாங்கணும்? அதுக்கு மொளகாத்தூளு, உப்பு, தோசைக்கல்லு போதும். நெத்திலிக்கு அரிசி மாவு போதும். ஐஸ்ல வெறச்சி பாக்கெட்டுல வர்ற பாசா மீனை வாங்குனீங்கன்னா ஐஸ் கரையறப்ப அது வுடற தண்ணிய ஒரு சொம்புல புடிக்கலாம்.

உங்களுக்கு ஏத்தது கொடுவா. சதை கெட்டி, முள்ளு கம்மி, வாசனையும் அடக்கம். கொடுவாகிட்ட ஒரு விசேஷம் இருக்கு மாப்ள. ஆணாத்தான் வளரும், வயசாகி ஒடம்பு பெருத்ததும் பொண்ணா மாறிடும். குடும்பப் பொறுப்பு வந்தா அப்படித்தான், நீங்களே இப்ப அடுப்பங்கரைக்கு வந்துட்டீங்களே. இதக் குஞ்சு பொரிக்க வச்சி வளக்கற வித்தைய இந்தியாவுலயே மொதமொதல்ல செஞ்சி காட்டுனது நம்ம முட்டுக்காட்டுலதான், 1997-ல. மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம்னு போர்டு போட்டிருக்கும். நீங்க பொண்டாட்டிய கூட்டிக்கினு போட்டுல சுத்தப் போவீங்களே, அந்த முட்டுக்காடுதான். ஏப்ரல் 15-லருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாளு விசைப்படகு கடலுக்குப் போகாது. அப்ப காசிமேட்டு மீனு வெல ஏறும். வளப்பு கொடுவா அந்த நேரத்துல கை குடுக்கும்.

இதெல்லாம் உனக்கெப்படித் தெரியும் தாத்தான்னு கேக்கறீங்க. நான் ஜி.எஸ்.டி. ரோட்டுல லாரி ஓட்டிப் பொழச்சவன். கல்கத்தா வரைக்கும் லோடு ஏத்திக்கினு போவேன். நாம கொடுவான்னு சொல்ற அதே மீனை அங்க பேட்கின்னுவாங்க. கல்யாணப் பந்தியிலருந்து ரோட்டோரக் கேபின் வரைக்கும் அங்க ஃபிஷ் ஃப்ரைன்னா இந்த பேட்கிதான். மார்க்கெட்லயே முள்ளை எடுத்து, உள்ளங்கை அகலத்துக்குத் தகடா சீவிக் குடுத்துடுவான். வெங்காயம், இஞ்சி, பூண்டு, பச்சமொளகா, கொத்துமல்லி அரைச்ச விழுதுல ஊறவச்சி, முட்டையில முக்கி, பிஸ்கட் தூள்ல பொரட்டி, ஓரமெல்லாம் நேரா தட்டிப் பொரிப்பான். தொட்டுக்கக் கடுகுல செஞ்ச காசுந்தி, மூக்கு வழியா உள்ள எறங்கி மண்டையில போய் உக்காரும். வெள்ளைக்காரன் குடுத்துட்டுப் போன கட்லெட்டுச் சட்டத்துல வங்காளத்தான் தன் மசாலாவ ஏத்தி வச்சிட்டான். நீங்க இதுக்காக சீமைச் சமையலைத் தேடிக்கினு இருக்கீங்க.

சீமைச் சமாச்சாரமும் ஒண்ணு சொல்றேன். இங்கிலாந்துல 1955-ல பேர்ட்ஸ் ஐ கம்பெனிக்காரன் மீன் விரலை விக்கறதுக்கு முன்னாடி, அங்க மலிவா கெடச்ச ஹெர்ரிங் மீனுல ஒண்ணு, சப்புன்னு இருக்கற காட் மீனுல ஒண்ணுன்னு ரெண்டு வகை செஞ்சி ஜனங்களுக்குக் குடுத்துப் பாத்தான். ஹெர்ரிங்கைத்தான் விக்கணும்னு ஆசை. காட் சும்மா ஒப்புக்குச் சப்பாணி. ஜனங்க ஒப்புக்குச் சப்பாணியத்தான் புடிச்சிக்கினாங்க. முள்ளும் கூடாது, மீன் வாசனையும் கூடாது, ஆனா மீனு வேணும். உங்க வூட்டு வாண்டுங்களும் அதே கட்சிதான், அதனால அதுங்கள ஒண்ணும் சொல்லாதீங்க.

இப்ப தூளுக்கு வருவோம். மால்ல பாங்கோன்னு ஒரு பாக்கெட்டு வாங்கியாந்தீங்களாம், வெலையக் கேட்டு என் பேத்திக்கு விக்கல் வந்துடுச்சாம். அது ஜப்பான் சரக்கு. மாவுக்குள்ள கரண்டை வுட்டு ரொட்டி சுடறான், அதனால மேல பழுப்புத் தோலே வராது. அத்தத் துருவி ஒலத்துனா செதில் செதிலா வரும், எண்ணெயும் அதிகம் குடிக்காது. நல்ல சரக்குதான், இல்லன்னு சொல்லல. ஆனா நம்மூருல கரண்டு வந்தா மாவு அரைக்கறதா, ரொட்டிக்குள்ள வுடறதா?

ஸ்டேஷன் பக்கம் டீக்கடையில கண்ணாடி பாட்டில்ல பொறை வச்சிருப்பான் பாருங்க. இனிப்பு கம்மியானதாப் பாத்து பத்து வாங்கிக்குங்க. மிக்ஸியில நிறுத்தி நிறுத்தி ரெண்டு சுத்து, அவ்ளோதான். மாவா அரைச்சிட்டீங்கன்னா அடை தட்டத்தான் ஆகும். கரகரன்னு, கொஞ்சம் ரவை கொஞ்சம் சோளப்பொடி சைசுல கலந்து இருக்கணும். பேக்கரி பால் பிரெட்டு வாணாம், அதுல சக்கரை ஜாஸ்தி, மீன் வேகறதுக்குள்ள மேல கருகிடும். ஐப்பசி கார்த்திகை மழையில தூளு நமத்துப் போகும். அப்ப வெறும் வாணலியில ரெண்டு நிமிஷம் சூடு காட்டி ஆறவச்சிக்குங்க. மொளகாத்தூளைப் பிரெட்டுல கலக்காதீங்க, அதுதான் மொதல்ல கருகும். காரமெல்லாம் மீனு மேலயே இருக்கட்டும்.

கவனமாக் கேளுங்க. மீனை அரை அங்குலத்துக்கு மேல தடிப்பா நறுக்காதீங்க. உப்பும் மஞ்சளும் தடவி கால் மணி நேரம் சாய்ச்சி வைங்க. தண்ணி தானா கீழ எறங்கும். அத்தக் கீழ ஊத்திட்டுப் பழைய வேட்டித் துணியில ஒவ்வொரு துண்டா ஒத்தி எடுங்க. துணி நனையற வரைக்கும் ஒத்தணும், நனைஞ்சா வேற துணி. என் பேத்தி துப்பட்டாவத் தொட்டீங்கன்னா அப்புறம் வர்ற சண்டையில என்னைக் கூப்பிடக் கூடாது. இஞ்சி பூண்டு விழுதைத் தண்ணி வுடாம அரைச்சித் தடவுங்க. எலுமிச்சம்பழத்தை இப்பவே பிழிஞ்சி ஊறப்போடாதீங்க, புளிப்பு பட்டா சதை வெளுத்துத் தண்ணி வுடும். தட்டுல வச்சப்புறம் பிழிஞ்சிக்கலாம், யாரும் ஓடிப்போகல.

அடுத்தது மைதாவோ அரிசி மாவோ, மெல்லிசா ஒரு பூச்சு, தட்டி வுட்டுடணும். அப்புறம் முட்டை, அப்புறம் பொறைத் தூளு. இந்த மைதாவ வேஸ்ட்டுன்னு வுட்டுட்டீங்களாமே? வெறும் மீனு மேல முட்டை வழுக்கும் மாப்ள. மாவு இருக்கற ஈரத்தக் குடிச்சிக்கும், முட்டை மாவைப் புடிச்சிக்கும், தூளு முட்டையைப் புடிச்சிக்கும். முட்டைக்கு இடது கை, தூளுக்கு வலது கை. ஒரே கையால செஞ்சா மீனுக்கு முன்னாடி உங்க வெரலுதான் பொரிக்கத் தயாரா இருக்கும். பொரட்டுனதை லேசா அமுக்கி, தட்டுல வச்சி ஃபிரிட்ஜ்ல இருபது நிமிஷம் வுடுங்க, பூச்சு இறுகிக்கும். அந்த இருபது நிமிஷமும் ஃபோனை நோண்டலாம், நான் கண்டுக்க மாட்டேன்.

எண்ணெய் கடலெண்ணெய், இருப்புச் சட்டி. தெர்மாமீட்டர் வச்சிருந்தீங்கன்னா 170-லருந்து 180 டிகிரி. இல்லன்னா ஒரு சிட்டிகை தூளைப் போடுங்க. போட்டதும் பொரிஞ்சிக்கினே மேல வரணும். அடியில போய் உக்காந்தா எண்ணெய் இன்னும் காயல, போட்ட கையோட கருகுனா ரொம்பக் காஞ்சிடுச்சி. ஒரு ஈடுக்கு நாலு துண்டுக்கு மேல போடாதீங்க, சட்டி பூரா ரொப்புனா சூடு எறங்கிடும், அப்புறம் மீனு எண்ணெயக் குடிக்கும். கரண்டியால குத்திக்கினே இருக்காதீங்க, ஒரே தபா திருப்பணும். அப்புறம் காதைக் குடுங்க. போட்டதும் சடசடன்னு இரைச்சல் போடும், அது உள்ள இருக்கற தண்ணி வெளிய வர்ற சத்தம். இரைச்சல் தணிஞ்சி மெல்லிசா சலசலன்னு வரும்போது எடுத்துடணும். அதுவரைக்கும் கலரைப் பாத்து ஏமாறாதீங்க.

எடுத்ததும் எங்க வச்சீங்க? ஹாட் பாக்ஸ்ல. மேல மூடியும் போட்டு. அய்யோ மாப்ள! இவ்ளோ நேரம் பாடுபட்டு வெரட்டுன தண்ணிய அந்த மூடியில புடிச்சி மறுபடியும் மீனு தலையிலயே ஊத்திட்டீங்க. ஓட்டை போட்ட இட்லித் தட்டைக் கவுத்துப் போட்டு அது மேல பரப்புங்க, காத்து அடியிலயும் போகட்டும். சட்டியிலருந்து தூக்குன கொஞ்ச நேரத்துல, மேல ஒட்டிக்கினு இருக்கற எண்ணெயத்தான் சூடு ஆறஆற பூச்சு உள்ள இழுக்கும். அதனால தூக்குனதும் கரண்டியோட நல்லா உதறிடணும்.

காத்துல பொரிக்கற பெட்டி ஒண்ணு வாங்கப் போறீங்கன்னு கேள்விப்பட்டேன். வாங்குங்க, இ.எம்.ஐ. உங்களுது. ஆனா பச்சைத் தூளைப் பூசி உள்ள வச்சா வெளுத்துப் போய்தான் வரும். தூளை ரெண்டு ஸ்பூன் எண்ணெயில முன்னாடியே செவக்க வறுத்துட்டு அப்புறம் பொரட்டுங்க. கலரு மொதல்லயே வந்துடும், மீனு காஞ்சி சக்கையாகாது.

இவ்ளோ சொல்லியும் ஒடைஞ்சிபோச்சா? மொகத்தக் காட்டிக்காதீங்க. யாழ்ப்பாணத்து ஜனங்க ஒடைச்ச மீனையும் உருளைக்கிழங்கையும் பெசஞ்சி, வெங்காயம் பச்சமொளகா மொளகுத்தூள் போட்டு, உருட்டி, முட்டையிலயும் ரஸ்க் தூள்லயும் பொரட்டி கட்லட்னு விருந்தாளிக்கு வைப்பாங்க. டின் மீனுலயே பிரமாதமா செய்வாங்க. நீங்களும் அதையே செஞ்சிட்டு, காலையிலருந்தே கட்லெட்டுதான் பிளான்னு சொல்லிடுங்க. என் பேத்தி நம்ப மாட்டா, ஆனா சாப்புட்டுடுவா.

அப்புறம் மாப்ள, வர்ற ஞாயித்துக்கிழமை குடுத்தனுப்பற வேலை வாணாம். டிபன் கேரியர்ல வந்து சேர்றதுக்குள்ள நமத்துடும். நானே வந்து அடுப்பு பக்கத்துல ஒரு ஸ்டூல் போட்டு உக்காந்துக்கறேன், சட்டியிலருந்து நேரா என் தட்டுக்கு வரட்டும், உங்களுக்கும் ஒரு மேற்பார்வை ஆச்சு. சனிக்கிழமைக்கு மட்டும் மாத்திடாதீங்க, அன்னிக்கு நான் நம்ம நரசிம்மர் மலையைச் சுத்தி வந்துட்டுப் பச்சத்தண்ணியோட இருப்பேன். அன்னிக்குப் பாத்து நீங்க மொறுமொறுன்னு பொரிச்சிட்டீங்கன்னா, அந்தப் பாவம் உங்களுக்குத்தான்.