டெர்மினல் சிங்காரம்

காலை ஸ்டாண்ட்-அப்பில் "நேத்து என்ன பண்ணீங்க?" என்றால், "என் செட்டப்பைக் கொஞ்சம் ஆப்டிமைஸ் பண்ணேன்" என்பாரே, அவரேதான். ட்ராகுலா, நார்ட், கேட்புச்சின் என்று வாரத்துக்கு ஒரு நிறம் மாறுவதைக்கூட விட்டுவிடலாம். பேஷ் ஷெல்லில் வேலை செய்பவர்களைப் பார்க்கும் அந்தப் பரிதாபப் பார்வையையும் பொறுத்துக்கொள்ளலாம். பிராம்ப்ட்தான் தாங்கவில்லை.

நாம் கமாண்ட் அடிக்கக் கம்ப்யூட்டர் காத்திருக்கும் இடம் அது. 1990-இல் பால் ஃபால்ஸ்டாட் எழுதிய இசட் ஷெல் இன்றும் மெஷின் பெயரையும் ஒரு சதவீதக் குறியையும் மட்டும் காட்டிவிட்டுச் சும்மா இருக்கும். 2009-இல் ராபி ரஸ்ஸல் அதை அலங்கரிக்க 'ஓ மை இசட்எஸ்ஹெச்' கொண்டுவந்தார். தீம் மட்டுமே நூற்றுக்கு மேல். நம்மாள் அதையெல்லாம் போட்டுக் கழற்றிவிட்டுப் பவர்லெவல்10கே என்ற தீமில் வந்து நின்றார்.

அதை அமைக்க ஒரு கேள்வி-பதில் உண்டு. ஒரு குறியைக் காட்டி, "இது டயமண்ட் மாதிரி தெரிகிறதா?" என்று கேட்கும். அடுத்து, "இது பூட்டு மாதிரி தெரிகிறதா?" கண் டாக்டர் முன்னால் உட்கார்ந்தவர் போல நம்மாள் பவ்யமாக 'ஒய்' தட்டிக்கொண்டே போவார். பிறகு ஸ்டைல்: லீனா, கிளாசிக்கா, ரெயின்போவா, ப்யூரா? கடிகாரம் 12 மணிக் கணக்கிலா, 24-ஆ? பிராம்ப்ட்டின் நுனி கூராகவா, சாய்வாகவா, வட்டமாகவா? இந்த நுனியிலேயே ஒரு மதியம் போய்விட்டது.

"ப்ரோ, ஒரு நிமிஷம் வாங்க. வட்டம் நல்லா சாஃப்ட்டா இருக்குல்ல?"

"இருக்கு."

"ஆனா கூர்தான் ப்ரொஃபஷனலா இருக்கும்ல?"

மறுபடி முதலிலிருந்து. டயமண்ட் தெரிகிறதா?

முடிந்தபோது அந்த ஒரு வரியில் வீட்டுச் சின்னம், ஃபோல்டர், கிட் பிராஞ்ச், நோட் வெர்ஷன், பேட்டரி, மணி எல்லாம் இருந்தன. திரையின் மேல்மூலையில் ஏற்கெனவே ஒரு மணி ஓடுகிறது. கையில் வாட்ச் வேறு. இத்தனை ஜோடனைக்கும் பின்னால் அவர் அடித்தது 'எல்எஸ்'.

சும்மா சொல்லக் கூடாது, என் மெஷினில் அவர் போட்டுக்கொடுத்த ஆட்டோசஜெஷன் அருமை. முன்பு அடித்த கமாண்டை இரண்டு எழுத்திலேயே சாம்பல் நிறத்தில் நீட்டும். வலது அம்புக்குறியைத் தட்டினால் போதும். அதற்காக அவருக்கு ஆயிரம் டீ வாங்கித் தரலாம்.

ஆனால் புதிதாகச் சேர்ந்த பெண்ணின் லேப்டாப்பில் முதல் நாளே கை வைத்தாரே, அதை என்ன சொல்ல? தீமைப் போட்டவர் அதற்கான நெர்ட் ஃபான்ட்டைப் போட மறந்துவிட்டார். பிராம்ப்ட் முழுக்கக் கட்டம் கட்டமாகத் தெரிய, டிஸ்ப்ளே போய்விட்டதென்று அந்தப் பெண் ஐடி-க்கு டிக்கெட் போட்டுவிட்டது.

ரிலீஸ் டாக்குமென்ட்டையும் அவர்தான் எழுதினார். முழுக்க அவருடைய ஏலியாஸ்கள். முதல் வரியே "ஜிஎஸ்டி அடிக்கவும்". கிட் ஸ்டேட்டஸ் பார்க்க வேண்டுமாம்! சர்வரில் இருப்பதோ வெறும் பேஷ். நடுராத்திரியில் எதை அடித்தாலும் 'கமாண்ட் நாட் ஃபவுண்ட்'. ஃபோன் போட்டால் எடுக்கவில்லை. இதில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த நேரத்தில் கஸ்டமருக்குப் பதில் சொன்னது நான்.

மறுநாள் கேட்டேன், அந்த டாக்குமென்ட்டில் முழுக் கமாண்டையும் எழுதிவிடக் கூடாதா என்று.

"கண்டிப்பா மாத்திடறேன் ப்ரோ. இப்ப ஸ்டார்ஷிப் பிராம்ப்ட்டுக்கு மாறிட்டிருக்கேன், அது முடியட்டும்."