கப்பலேறிய தாத்தா

கேள்வி: என் கொள்ளுத்தாத்தாவின் தம்பி அந்தக் காலத்திலேயே கப்பலேறி குவாதலூப் தீவுக்குப் போனவராம். அவர் வாரிசுகளைக் கண்டுபிடிக்க வழி உண்டா? சொத்து கித்து இருக்குமா?
– ஒரு வாசகர், முதலியார்பேட்டை

பதில்: சொத்தை முதலில் மறந்துவிடுங்கள். அவர் போனது பெரும்பாலும் கரும்பு வெட்டத்தான், வாங்க அல்ல. 1848-ல் பிரெஞ்சுக்காரர்கள் குவாதலூப் உள்ளிட்ட தங்கள் காலனிகளில் அடிமை முறையை ஒழித்தார்கள். தோட்டத்துக்கு ஆள் வேண்டுமே! பார்வை நம் பக்கம் திரும்பியது. 1854 டிசம்பரில் ‘ஒரேலி’ கப்பல் முதல் இந்திய ஒப்பந்தக் கூலிகளைக் குவாதலூப்பில் இறக்கியது. பிறகு நாற்பதாயிரம் பேருக்கு மேல் போனார்கள்.

தேட வேண்டியது கப்பல் பெயர், ஆண்டு, பதிவு எண். பெயரை நம்பாதீர்கள், குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியது அது. தகப்பன் பெயரே பரம்பரைக்கும் குடும்பப் பெயராகி ஒட்டிக்கொண்டதும் உண்டு. அங்கே இந்திய வம்சாவளியினரின் குடியுரிமைக்காகப் போராடியவர் பெயரே ஆன்ரி சிதம்பரம்! பதிவில் ‘புதுச்சேரி’ என்றிருந்தாலும் உஷார்: அது ஏறிய துறைமுகம் மட்டுமாக இருக்கலாம். தென்னாற்காடு, தஞ்சாவூர்க்காரர்களும் இங்கே வந்து ஏறினார்கள்.

இங்கே புதுச்சேரியிலும் பெயரில் ஒரு சிக்கல். 1881 ஆணைப்படி பிரெஞ்சுச் சட்டத்துக்கு மாறியவர்கள் புதுக் குடும்பப் பெயர் சூடிக்கொண்டார்கள். உங்கள் வீட்டிலும் அப்படி நடந்ததா என்று பழைய பிறப்புப் பதிவில் பாருங்கள். அப்புறம் பிரான்சின் எக்ஸ்-ஆன்-ப்ரொவான்ஸ் நகரில் உள்ள காலனி ஆவணக் காப்பகத்துக்குக் கடிதம் போடுங்கள். சொத்து பற்றி அதில் எழுத வேண்டாம்.